வாசகர் கேள்வி-பதில்: பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் மொனிட்டர் ஸ்பீக்கர்

தலவாக்கலை வாசகர்: வீட்டுப் பின்காம்பராவை ஒலிப்பதிவு அறையாக்கி இருக்கிறேன். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், எட்டடியில் சீலிங், சீமெந்துச் சுவர். அறையின் நடுவில் மேசை போட்டு ஐந்து அங்குல மொனிட்டர் (கலவையைச் சரிபார்த்துக் கேட்கும் ஸ்பீக்கர்) இரண்டை வைத்திருக்கிறேன். காமன் கூத்துப் பாட்டுகளைத் தப்பு மேளத்தோடு பதிவு செய்தோம். அறையில் கேட்டால் தப்பு சப்பென்று இருக்கிறது. பேஸைக் கூட்டிக் கலவை செய்து ஓட்டோவில் போட்டால் இடி இடிக்கிறது, பாடுகிறவர் குரலே கேட்கவில்லை. எட்டு அங்குல மொனிட்டர் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. காசும் போய், கோளாறும் கூடும். பிழை மொனிட்டரில் இல்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பேஸ் ஒலி போய்த் திரும்பி, சில அலைவெண்களில் நின்றுவிடும். அப்படி நிற்கும்போது சுவரோரம் சத்தம் குவியும், நடுவில் வற்றிப்போகும். கணக்கு இலகுவானது: ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கிடையிலான தூரத்தின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். மலைநாட்டுக் குளிரில் வேகத்தை விநாடிக்கு 340 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். (இடத்தின் உயரம் இதை மாற்றாது. வெப்பநிலைதான் மாற்றும்.) உங்கள் அறைக்கு நீளவாக்கில் 46 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 56, உயரவாக்கில் 70 வருகிறது. இவற்றின் மும்மடங்குகளான 139, 167, 209 ஹெர்ட்ஸும் அதே நடுவில்தான் வற்றும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றே முக்கால் அடியில் இருக்கும். எட்டடி அறையில் உயரத்திலும் அதுதான் நடு. மூன்று திசையிலும் பள்ளமான ஒரே புள்ளியைத் தேடிப்பிடித்து அங்கே தலையை வைத்திருக்கிறீர்கள். தப்பின் அடிச்சத்தம் பதிவில் இருக்கிறது, உங்கள் காதுக்குத்தான் வரவில்லை. இல்லாததாக நினைத்து நீங்கள் ஏற்றிய பேஸ் முழுவதும் ஓட்டோவில் வெளியே வந்துவிட்டது.

நம்பிக்கை இல்லாவிட்டால் சோதித்துப் பாருங்கள். 139 ஹெர்ட்ஸ் தொனியை ஒரு மொனிட்டரில் மட்டும் சன்னமாக ஓடவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து பின்சுவர் வரை மெதுவாக நடவுங்கள். இரண்டடி நகர்வதற்குள் சத்தம் ஏறும், பிறகு இறங்கும், சுவரை நெருங்கும்போது மறுபடி ஏறும். எட்டு அங்குல மொனிட்டர் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. ஐந்து அங்குலத்தால் பலமாக எழுப்ப முடியாத 46 ஹெர்ட்ஸையும் எழுப்பிவிட்டு, சுவரோரக் குவியலை இன்னும் பெரிதாக்கும்.

இனி இடமாற்றம். மேசையைப் பத்தடிச் சுவரின் பக்கம் தள்ளி, அந்தச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். ஒலி பன்னிரண்டடி நீளத்தில் ஓட வேண்டும். மொனிட்டரின் முகம் சுவரிலிருந்து 14 அங்குலத்தில் இருக்கட்டும். ஐந்து அங்குல மொனிட்டர்கள் பெரும்பாலும் ஒன்பது, பத்து அங்குல ஆழம்தான். முதுகுக்குப் பின்னால் நாலைந்து அங்குலம் மிஞ்சும், அது போதும். இரண்டு ட்வீட்டருக்கும் (மேல்ஸ்தாயி ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கர்) இடையே நான்கடி, அப்படியென்றால் பக்கச் சுவருக்கு இருபுறமும் மூன்றடி. ஒவ்வொரு ட்வீட்டரிலிருந்தும் தலைக்கும் நான்கடி. முன்சுவரிலிருந்து காது வரை அளந்தால் நான்கடி ஏழு அங்குலம் வரும். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒலிப்பொறியாளர்கள் சொல்லும் இடம் இதுதான். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அங்கிருந்து நாற்காலியை மூன்று மூன்று அங்குலமாக முன்னே பின்னே நகர்த்தி, பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். நான்கடியில் முடிச்சுப் போட்ட நூல் ஒன்று இருந்தால் இந்த முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் ஒருவரே அளந்துவிடலாம். அகலத்தில் மட்டும் நட்டநடுவை விட்டு விலகாதீர்கள். இடது வலது சமநிலைக்கு அது வேண்டும்.

சுவரை விட்டுத் தூரமாக வைப்பதுதான் நல்லது என்று பலர் சொல்லியிருப்பார்கள். பெரிய கூடத்தில் அது சரி. மொனிட்டரிலிருந்து பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி நேரொலியோடு மோதும்போது, தூரத்தின் நான்கு மடங்கு நீளமுள்ள அலை அழிந்துபோகும். மூன்றடி தள்ளினால் அழிவது 93 ஹெர்ட்ஸ், அதைத் தடுப்பது சாதாரண மெத்தைக்குக் கடினம். 14 அங்குலத்தில் வைத்தால் அழிவு 240 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஒலியை உறிஞ்சும் மெல்லிய பலகம் ஒன்றை மொனிட்டருக்குப் பின்னால் சுவரோரம் நிறுத்தினால் அதைக் கொஞ்சம் தணிக்கலாம். சுவர் அருகில் இருப்பதால் பேஸ் மொத்தமாகக் கொஞ்சம் தூக்கும். மொனிட்டரின் முதுகிலுள்ள அறைச் சுவிட்சை ‘-2’ இல் போடுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது.

உயரம்: ட்வீட்டர் காதுமட்டத்துக்கு வர வேண்டும். இரண்டரை அடி மேசையில் நேரே வைத்தால் ஆறேழு அங்குலம் குறையும். ஆறு அங்குலச் சீமெந்துக் கல் ஒன்றும் அதன்மேல் ஓர் அங்குல இறப்பர் மெத்தையும் போதும். கல் இல்லாமல் வெறும் பலகைப் பெட்டி வைத்தால் அந்தப் பெட்டியும் சேர்ந்து பாடும்.

பிறகு உறிஞ்சு பலகங்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைப் பக்கச் சுவரோடு முகம்பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே ஒரு பலகம். இரண்டு பக்கமும் அப்படியே, தலைக்கு மேலே சீலிங்கிலும் ஒன்று. மிச்சம் இருப்பதை மூலைகளுக்குக் கொடுங்கள், பேஸ் அங்கேதான் குவிகிறது. நான்குக்கு இரண்டடிச் சட்டம், நான்கு அங்குல ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு), கன மீற்றருக்கு 40 முதல் 60 கிலோ அடர்த்தி. மேலே சாக்குத் துணி போர்த்தலாம். துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மூச்சு மறுபக்கம் போனால் ஒலியும் போகும். படங்குச் சீட்டில் போகாது, ரெக்சினிலும் போகாது. ராக்வூலை வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

பண்டாரவளை வாசகர்: ஏழு பேர்ச்சஸ் வீட்டில் சின்ன அறை. யமஹா எச்எஸ் 5, ஜேபிஎல் 305பி, கேஆர்கே ராக்கிட் 5 ஆகிய மூன்றில் எது? பின்பக்கம் துளை உள்ளதைச் சுவரோரம் வைக்கக்கூடாது என்கிறார்களே?

மூன்றிலும் வேலை செய்யலாம், சுபாவம்தான் வேறு. எச்எஸ் 5 நடுஸ்தாயியை முன்னே தள்ளிக் காட்டும். குரல், நாதஸ்வரம், வசனம் என்று வேலை செய்கிறவருக்கு அது பிழையைச் சுட்டிக் காட்டும். ஆனால் நிறுவனம் கொடுக்கும் எல்லையே 54 ஹெர்ட்ஸ், அதுவும் பத்து டெசிபெல் விழுந்த இடம். 305பி இரண்டாம் தலைமுறை 43 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், நாற்காலியை விட்டுச் சற்று விலகினாலும் சுபாவம் மாறாமல் கேட்கும். ராக்கிட்டின் நான்காம் தலைமுறையில் துளை முன்பக்கம், முதுகில் சிறிய திரையோடு சமன்செய்யும் வசதி உண்டு. உங்கள் வேலை பெரும்பாலும் குரல்தான் என்றால் எச்எஸ் 5 எடுங்கள். தாளம் மிகுந்த பாட்டென்றால் 305பி.

துளைப் பயம் பாதி கட்டுக்கதை. எச்எஸ் 5, 305பி இரண்டுக்கும் துளை பின்னால்தான். காற்று வந்துபோக நாலைந்து அங்குலம் விட்டால் போதும். பேஸ் ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும் போகிறது. துளை முன்னால் இருந்தாலும் சுவர் அதே வேலையைத்தான் செய்யும்.

பாவித்ததை வாங்குவதானால் நான்கு விஷயம் பாருங்கள். முதலில் முதுகிலுள்ள மின்னழுத்த எழுத்து: ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120. நம் 230 இல் அப்படியே செருகினால் புகைதான் மிஞ்சும். இரண்டாவது, வூஃபர் (பேஸ் ஒலிக்கும் பெரிய கூம்பு) விளிம்பை விரல்நுனியால் தொட்டு வெடிப்பு இருக்கிறதா என்று. மூன்றாவது, 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் தொனியைப் போட்டு, ஏதாவது ஓர் இடத்தில் ‘கிர்ர்’ என்கிறதா என்று கேளுங்கள். நான்காவது, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் வைத்து ஒரே குரலை ஓடவிடுங்கள். நிறம் வேறுபட்டால் ஒன்றில் ட்வீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம். ஒற்றை மொனிட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, வேறொன்றோடு சோடி சேர்க்காதீர்கள்.

நுவரெலியா வாசகர்: பனிமூட்டக் காலத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சணம். மொனிட்டரைப் பொலித்தீனில் சுற்றி வைக்கலாமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே அடைபட்டு, கடதாசிக் கூம்பில்தான் போய்ப் படியும். துணியால் மூடுங்கள், கிழமைக்கு இரண்டு மூன்று நாளாவது ஒரு மணிநேரம் ஓடவிடுங்கள். ஆம்பிளிஃபயரின் சூடே உள்ளீரத்தை விரட்டும். பெட்டியில் பூட்டி வைப்பதென்றால் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீலமணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டன, மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடி பாவிக்கலாம். குளிரில் கொண்டுவந்ததைச் சூடான அறைக்குள் வைத்த உடனே போடாமல் ஒரு மணிநேரம் விடுங்கள். கூம்பில் பூஞ்சணம் பிடித்தால் காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள், ஸ்பிரிட் வேண்டாம். ராக்வூல் உக்காது, ஆனால் அதைப் போர்த்திய துணியும் மரச்சட்டமும் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் காற்றோடும், பேஸையும் கூடுதலாக உறிஞ்சும்.

கேட்காத ஒன்று: சத்தம் போகாமல் இடுக்கெல்லாம் அடைத்த அறைக்குள் குளிருக்கு நெருப்புச்சட்டி வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தலைவலியாகவோ தூக்கம் வருவது போலவோதான் தொடங்கும்.

மஸ்கெலியா வாசகர்: மொனிட்டர் போட்ட நேரம் முதல் ‘ங்ங்’ என்று இரைகிறது. எர்த் முள்ளை உடைத்துவிட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார்.

அவர் சொன்னதைச் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் கோளாறான கருவியின் உலோக உடம்பில் மின்சாரம் தங்கித் தொட்டவரை அடிப்பதும் அதனால்தான். முதலில் மொனிட்டருக்குள் போகும் சிக்னல் வயரைப் பிடுங்குங்கள். பிறகும் இரைந்தால் மின்பக்கமோ மொனிட்டரோ. நின்றுவிட்டால் வயரோ கணினியோ. கணினி என்றால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், அதோடு நின்றால் எர்த் இரண்டு பாதையில் சுற்றுகிறது. கணினி, இன்டர்பேஸ் (கணினிக்கும் மொனிட்டருக்கும் இடையிலுள்ள ஒலிப்பெட்டி), மொனிட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே நீட்டிப்புப் பலகையிலிருந்து மின்சாரம் கொடுங்கள். கிட்டார் வயரின் முனையில் கறுப்பு வளையம் ஒன்றுதான் இருக்கும், இரண்டு வளையம் உள்ள டிஆர்எஸ் வயரோ, டிஆர்எஸ்ஸிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ளது) வயரோ வாங்குங்கள். பாதிப் பேருக்கு இரைச்சல் அங்கேயே முடிந்துவிடும். வீட்டிலேயே ஈயம் வைத்த வயரென்றால் எக்ஸ்எல்ஆரின் இரண்டாம், மூன்றாம் முள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறினால் நடுவில் நிற்க வேண்டிய குரல் சிதறி, பேஸ் மெலிந்துவிடும்.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

ஹட்டன் வாசகி: லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறோம். முட்டைத் தட்டு ஒட்டினால் பக்கத்துக் காம்பராவுக்குச் சத்தம் போகாதா?

போகும், தங்கச்சி. முட்டைத் தட்டு மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் தடுமாற வைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் சரசரவென்று எரியும். ராக்வூல் பலகமும் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கிறது. அடுத்த வீட்டுக்குப் போவதை நிறுத்த எடையும் இடைவெளி இல்லாத அடைப்பும் வேண்டும். நடுச்சுவர் கூரை வரை எழாத லயத்தில் சத்தம் சுவருக்கு மேலாகவே தாண்டிவிடும், அந்த இடைவெளியைக் கல்வைத்துக் கட்டிப் பூசுவதுதான் முதல் வேலை. தகரத்தின் கீழ் சீலிங் இல்லாவிட்டால் பேஸில் ஒரு பங்கு கூரை வழியே வெளியேறுவதால் கொங்கிரீட் தட்டு போட்ட அறையைவிடக் கலவைக்கு நல்லது, அயலுக்குத்தான் கெட்டது. ஆகவே சத்தத்தைக் குறைத்து வேலை செய்யப் பழகுங்கள். பிங்க் நொய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, சத்தம் அளக்கும் தொலைபேசிச் செயலியில் நாற்காலியில் அளந்து, ஒவ்வொரு மொனிட்டரும் தனித்தனியே 75 டெசிபெல் வரும் இடத்தில் குமிழில் மையால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேல் போவது கடைசிப் பரிசோதனைக்கு மட்டும். இரவில் ஹெட்போன். மிகச் சன்னமாகக் கேட்கும்போது காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் எட்டும், அந்த நேரத்தில் பேஸ் குமிழில் கை வைக்காதீர்கள்.

மாத்தளை வாசகர்: பத்துக்குப் பத்து சதுர அறையும், எட்டுக்குப் பதின்மூன்று அறையும் இருக்கின்றன. எது?

இரண்டாவது. சதுரத்தில் நீளமும் அகலமும் ஒரே 56 ஹெர்ட்ஸில் சேர்ந்து நிற்கும்.

பொகவந்தலாவை வாசகர்: மேசையில் இடமில்லை. மொனிட்டரைப் படுக்கவைக்கலாமா?

ட்வீட்டரும் வூஃபரும் பக்கவாட்டில் வந்தால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் குரலின் நிறம் மாறும். நிமிர்த்தியே வையுங்கள். மேசைக்குப் பின்னால் இரண்டு மரக்கால் அடித்து அதன்மேல் ஏற்றிவிட்டால் மேசையும் மிச்சம்.