வியன்னா ஸ்டேட் ஆப்பராவில் ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று ‘டி ஃபிளெடர்மௌஸ்’ போடுகிறார்களே, சலிக்காதா?

சலிக்காது. யோஹான் ஸ்ட்ராஸின் இந்த நகைச்சுவை ஆப்பரெட்டா (பாட்டும் பேச்சும் கலந்த இலகுவான இசை நாடகம்) 1874-இல் வேறொரு வியன்னா அரங்கில் அரங்கேறியது. இசை மாறுவதில்லை, ஆனால் பாட்டுகளுக்கு நடுவே வெறும் பேச்சு வரும், அங்கேதான் சுதந்திரம்.

மூன்றாம் அங்கத்தில் வரும் ஃப்ராஷ் என்ற குடிகாரச் சிறைக்காவலரைப் பாருங்கள். அவருக்குப் பாட்டே கிடையாது. பெரும்பாலும் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர்தான் நடிப்பார். அன்றைய அரசியலையும் ஊர்வம்பையும் சேர்த்துக் கிண்டலடிப்பார். நம் கூத்துக் கட்டியங்காரனுக்கு வியன்னா அண்ணன் என்றே எனக்குத் தோன்றும்!

அப்புறம் இரண்டாம் அங்க விருந்துக் காட்சி. கதைக்குச் சம்பந்தமில்லாத பாடகர்கள்கூட விருந்தினராக வந்து பாடலாம். லண்டன் கோவன்ட் கார்டன் ஆப்பரா அரங்கில் 1990 டிசம்பர் 31 அன்று புகழ்பெற்ற ஆப்பரா பாடகி ஜோன் சதர்லேண்ட் அப்படி வந்துதான், பாடகர் பவரோட்டியோடும் பாடி, மேடையிலிருந்து விடைபெற்றார்.