பருங்கலை எங்கே கிடைக்கும்?

கேள்வி: டோக்கியோவில் ஜப்பானிய ஓவியர் சிஹிரோ இவாசாகியின் ஓவியங்களைப் பார்த்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். கதைப் புத்தகத்துக்கு வரைந்த படங்களை நுண்கலைக் கூடத்தில் மாட்டுவது கொஞ்சம் அதிகம் இல்லையா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: 'நுண்கலை' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். நுண்கலை ஒன்று இருந்தால் பருங்கலை என்றும் ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே கிடைக்கும்? ரேஷனில் மாதம் இரண்டு கிலோ போடுவார்களா? ரவை சலிக்கிற மாதிரி சலித்து, கீழே விழுந்தது நுண்கலை, சல்லடையில் தங்கியது கதைப்படம் என்று பிரித்த புண்ணியவான் யார்?

ஜப்பான்காரர்களுக்கே 1870-களின் தொடக்கம் வரை அந்தச் சொல் கிடையாது. 1873-இல் நடந்த வியன்னா உலகக் கண்காட்சிக்குச் சரக்கு அனுப்பும்போது, ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக 'பிஜுட்சு' என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதற்கு முன்பு, இன்று உலகமே கொண்டாடும் ஓவியர் ஹொகுசாயின் அச்சுப் படத்தை ஏறக்குறைய ஒரு கிண்ண நூடுல்ஸ் விலைக்குக் கடையில் வாங்கிப்போனார்கள். இதை நான் எழுதுவது நான்காவது தடவை. நுண்கலை அன்பர்கள் வழக்கம்போல் திட்டிக் கடிதம் போடலாம்.

சரி, சிஹிரோ. நம் வீடுகளிலும் இருக்கும் 'டோட்டோ-சான்', தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய புத்தகம், 1981-இல் வந்தது. சிஹிரோ இறந்தது 1974-இல். அவர் வரைந்து வைத்துவிட்டுப் போன படங்களிலிருந்துதான் குரோயாநாகி தன் புத்தகத்துக்குப் பொறுக்கி எடுத்தார். கதைக்கு வரைந்த படம் என்கிறீர்கள். இங்கே படம் முந்தி, கதை பிந்தி!

டோக்கியோவின் நெரிமா பகுதியில் சிஹிரோ வாழ்ந்த இடத்திலேயே 1977 முதல் அருங்காட்சியகம் நடக்கிறது. குழந்தைகளுக்கு எட்டும்படி படங்களைத் தாழ்வாக மாட்டியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். ஒரு குழந்தையின் கன்னத்துக்குக் கோடே இல்லை. ஈரத் தாளில் பரவிவந்த ஊதா எங்கே நின்றதோ, அங்கே கன்னம் ஆரம்பித்தது.

அச்சானதும் மூலப் படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பதிப்பாளர்களிடம் மல்லுக்கு நின்றவர் அவர். 9,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று பத்திரமாக இருக்க அதுவும் ஒரு காரணம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வார இதழில், அச்சான ஓவியங்கள் நாலு மணி பஜ்ஜியின் எண்ணெயை உறிஞ்சப் பயன்பட்டன. ஒருநாள் தொடர்கதை நாயகியின் இடது கண்மேல் வாழைக்காய். அப்போது பார்த்து ஓவியர் வந்துவிட்டார். "கதைதான் முடிஞ்சிடுச்சே சார், இனி எதுக்கு?" என்றார் மேலாளர். ஓவியர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தோம்.