மாத்திரைய நிறுத்தச் சொல்ல டயட்டீஷியனுக்கு உரிமை இருக்கா?

கேள்வி: அம்மாவுக்கு வயசு 58, பத்து வருஷமா சுகர். வீட்டுப் பக்கத்துல ஒரு டயட்டீஷியன் மாத்திரைய நிறுத்திட்டு ரெண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதிலா பவுடர் குடிங்கன்னு சொல்லி, டப்பா 2,800 ரூபான்னு அவங்களே விக்கிறாங்க. ரெண்டு மாசத்துல 6 கிலோ குறைஞ்சதும் அம்மாவ கேக்காமலே போட்டோவ இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டாங்க. இப்ப ராத்திரி நாலஞ்சு தடவ யூரினுக்கு எழுந்திரிக்கிறாங்க, தண்ணி குடிச்சுட்டே இருக்காங்க. நேத்து சுகர் 390. யார்கிட்ட சொல்றது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: புகாரெல்லாம் அப்புறம்மா. இன்னைக்கே மாத்திரை எழுதின டாக்டர்கிட்டயோ ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டுப் போங்க, பழைய சீட்டு, பவுடர் டப்பா ரெண்டும் கையில இருக்கட்டும். வாந்தி, மூச்சு வாங்கறது, மயக்கம்னா 108க்கு அடிச்சிடுங்க.

எனக்கு அந்த 6 கிலோதான் மனசு ஆறல. சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா ரத்தத்துல இருக்கற சர்க்கரைய உடம்பு எடுத்துக்காது, அது யூரின்ல போகும், கூடவே தண்ணியும் போகும், அதான் அந்த தாகம், உடம்பு வேற வழியில்லாம கொழுப்பையும் சதையையும் கரைக்கும், வெயிட் இறங்கும். சாப்பாடு குறைஞ்சதால கொஞ்சம் இறங்கியிருக்கலாம், ஆனா 390ல நிக்கிறப்போ அது நோயோட அறிகுறி, அதப் போய் விளம்பரமா போட்டிருக்காங்க. அம்மாவ திட்டாதீங்க, நம்பினது அவங்க தப்பில்ல.

எத்தன இட்லி, நெத்திலிய வறுக்காம குழம்பா வைங்க, கேழ்வரகு கூழ்னாலும் அளவு வேணும்னு பொறுமையா உக்காந்து சொல்ற நல்ல டயட்டீஷியன்கள் நம்ம பக்கம் இருக்காங்க. சாப்பாட்ட குறைச்சா மாத்திரை அளவும் மாத்த வேண்டி வரலாம், இல்லன்னா சில மாத்திரைக்கு சுகர் ரொம்ப இறங்கிடும், அத டாக்டர்கிட்ட பேசி அவர் மாத்தணும். நிறுத்துங்கன்னு இவங்க சொன்னதே எல்லை மீறல். அதுலயும் தான் விக்கிற பொருளையே தான் எழுதிக்கொடுத்தா அந்த ஆலோசனை யாருக்காகன்னு எப்படி நம்புறது? ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டியே புரோட்டீன் பவுடர் வேண்டாம்னுதான் சொல்லுது. டப்பாவுல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் குடுக்கற 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, ஹெல்த் சப்ளிமென்ட்னா மருந்தா பயன்படுத்தக் கூடாதுங்கற வரியும் இருக்கணும்.

புகாருக்கு வருவோம். டப்பாவுல அந்த நம்பர் இல்லன்னா உணவு பாதுகாப்புத் துறைக்குப் போங்க. படிச்ச படிப்பு என்ன, ஆர்டி (ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன்) பதிவு நம்பர் இருக்கான்னு அந்த டயட்டீஷியன்கிட்டயே கேளுங்க, இருந்தா இந்திய டயட்டெடிக் அசோசியேஷனுக்கு எழுதலாம். இந்தத் தொழில 2021ல வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டத்துலயும் சேர்த்திருக்காங்க. பணத்துக்கும் பாதிப்புக்கும் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2 வருஷத்துக்குள்ள போடணும், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம். வழி புரியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க.

பில், டயட் சார்ட், மாத்திரைய நிறுத்தச் சொன்ன வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிச்சிடாதீங்க. அந்த போட்டோவ முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு, அப்புறம் அத நீக்கிடுங்கன்னு மெசேஜ்லயே கேளுங்க, வாய்வார்த்தையா கேக்காதீங்க.