ராத்திரி ஒரு மணி வரை வாதம், காலை மீட்டிங்கில் மௌனம்

கேள்வி: எனக்கு வயது 36. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் லேப்டாப்களில் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டார்கள். கீபோர்டையும் மவுஸையும் தொடாமல் எத்தனை நிமிடம் இருந்தோம் என்றுகூட அது கணக்கெடுக்கிறது. அன்றிலிருந்து ராத்திரி ஒரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறேன். கண்காணிப்பு சரியா, ஏஐ வந்தால் வேலை போகுமா, எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல்வது நியாயமா என்று இணையத்தில் எந்த விவாதம் நடந்தாலும் புனைபெயரில் போய் மல்லுக்கட்டுகிறேன். முகம் தெரியாத யாராவது திட்டிவிட்டால் தூக்கம் வருவதில்லை. ஆனால் அந்த மென்பொருளை அறிமுகப்படுத்திய கூட்டத்தில், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று மேனேஜர் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. "உலகத்துல இருக்கிற எல்லாக் கம்பெனியையும் கேள்வி கேக்குறீங்க, உங்க கம்பெனியை மட்டும் கேக்க மாட்டேங்குறீங்க" என்கிறாள் மனைவி. இந்த வாதங்களை எல்லாம் விட்டுவிட வேண்டுமா? நான் எழுதுவது ஆபீசுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்னதில் உண்மை இருக்கிறது. அது உங்களுக்கும் தெரிகிறது, இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் வாதாடுகிற விஷயம் அற்பமானது இல்லை. ஒரு மனிதன் வேலை செய்கிறானா என்பதை மவுஸ் அசைவை வைத்து முடிவு செய்வது தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். இதைப் பொதுவெளியில் பேசுவதால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2020-இல் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மென்பொருளில் 'ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஒரு வசதியைக் கொடுத்தது. ஒரு ஊழியர் கடந்த 28 நாட்களில் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் சாட்டில் பேசினார் என்பதைப் பெயரோடு பார்க்க முடிந்தது. அந்த நவம்பரில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த வுல்ஃபி கிறிஸ்டல் என்ற ஆய்வாளர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய சர்ச்சை ஆனது. டிசம்பர் 1-ஆம் தேதி, தனிநபர் பெயர்களை எடுத்துவிடுகிறோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. சில நாட்களுக்குள் அவ்வளவு பெரிய நிறுவனம் இறங்கி வந்தது. கிறிஸ்டலுக்கு முன்பும் எத்தனையோ பேர் கண்காணிப்பைத் திட்டியிருப்பார்கள். அவர் அந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்து, எந்தத் திரையில் எது தெரிகிறது என்று காட்டினார். அதனால்தான் அதற்கு மறுமொழி சொல்ல வேண்டிய நிலை வந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு மாதமாக நீங்கள் எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று, எத்தனை இடத்தில் இருக்கிறது? ஏஐ எல்லா வேலையையும் விழுங்கிவிடும், விழுங்காது என்று ஆயிரம் பேர் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் குழுவில் ஏஐ எழுதிக் கொடுத்த ப்ரோகிராமைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த வேலை நிஜமாகவே குறைந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். அதை எழுதுங்கள். மற்றதை விட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

முகம் தெரியாதவர் திட்டுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர், 'லினக்ஸ் காலாவதியாகிவிட்டது' என்று தலைப்புப் போட்டு ஒரு பொது விவாதக் குழுவில் எழுதினார். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது 22 வயது மாணவர். சூடாகத் திருப்பிக் கொடுத்தார், மறுநாளே வார்த்தை தடித்துவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 2004-இல், டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தானாக எழுதியிருக்க முடியாது, டேனன்பாம் எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளத்திலிருந்து எடுத்திருப்பார் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். அதை மறுத்து, டோர்வால்ட்ஸ்தான் அதை எழுதினார் என்று பகிரங்கமாகச் சொன்னவர் அதே டேனன்பாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மோதிய இரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் அறிந்தவர்கள். உங்களை ராத்திரி பன்னிரண்டரைக்குத் திட்டுகிறவருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் வேலையையும் தெரியாது. ஒருவரோடு இரண்டு முறை பதில் பேசியாயிற்று என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

சரி, இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருவோம்.

பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அலுவலகத்துக்கு எந்த சாட் மென்பொருள் நல்லது என்று மூன்று வாரம் மின்னஞ்சலில் சண்டை போட்டோம். நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். அதே மூன்று வாரத்தில் சனிக்கிழமை ஷிப்ட் முறையை மாற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள் சொல்லலாம் என்று அதில் போட்டிருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆறு மாதம் என் சனிக்கிழமைகள் போயின. சின்ன விஷயத்தில்தான் எல்லோருக்கும் கருத்து இருக்கும், பெரிய விஷயம் ஓசையில்லாமல் நிறைவேறிவிடும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957-லேயே எழுதியிருக்கிறார். எனக்கு அது அந்தச் சனிக்கிழமைகளில்தான் உறைத்தது. சாட் மென்பொருள் பற்றி எழுத எனக்குப் பயம் இருக்கவில்லை. ஷிப்ட் பற்றி எழுத இருந்தது. அதுதான் காரணம்.

உங்களுக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று நெஞ்சில் பாரமாக இருக்கிறது. ராத்திரி யாரோ ஒருவரிடம் அதைக் கொட்டித் தீர்க்கிறீர்கள். காலையில் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆபீசுக்குப் போகிறீர்கள். கேள்வி அப்படியே இருக்கிறது. உங்களைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுச் செலவு உங்கள் சம்பளத்தில் நடக்கிறது, ஐம்பது பேர் முன்னால் எழுந்து நிற்பது லேசான காரியம் இல்லை. எழுந்து நிற்கவும் வேண்டாம்.

முதலில் உங்களைப் போலவே நெருடலோடு இருக்கிற இரண்டு சக ஊழியர்களோடு பேசுங்கள். நேரில், இடைவேளையில் பேசுங்கள். ஆபீஸ் சாட்டில் வேண்டாம், அதை நிறுவனத்தால் படிக்க முடியும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், பிரிட்டிஷ் தபால் துறையில் நடந்த அநியாயம். அங்கே ஃபுஜிட்சு தயாரித்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளில் பிழைகள் இருந்தன. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியதை நம்பி, கிளை நடத்தியவர்களைத் திருடர்கள் ஆக்கினார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்குப் போனார்கள். புகார் சொன்ன பலருக்கும் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை". 2009-இல் ஆலன் பேட்ஸ் என்பவர் பாதிக்கப்பட்டவர்களை ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் கூட்டினார். மற்றவர்களுக்கும் இதே கதை என்பது அங்கே வந்த பலருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்த மென்பொருள் நம்பத்தகுந்ததாக இருக்கவில்லை என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது.

உங்கள் நிலைமை அவ்வளவு கொடியது இல்லை. ஆனால் ஒரு இயந்திரம் காட்டும் எண்ணுக்கு எதிராக ஒரு மனிதனின் சொல் தனியாக நின்றால் எடுபடாது என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

மூன்று பேருமாகச் சேர்ந்து மேனேஜருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம், கோபமும் வேண்டாம். சரியாக எது எது பதிவாகிறது, வெறும் நிமிடக் கணக்கா, திரையின் படமும் தட்டச்சு செய்வதும் சேர்த்தா என்று கேளுங்கள். யார் யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். வருடாந்தர மதிப்பீட்டில் இந்த எண் சேருமா, தவறாக இருந்தால் யாரிடம் முறையிடுவது என்றும் கேளுங்கள். உங்கள் வேலையிலிருந்தே ஒரு உதாரணம் கொடுங்கள். ஒரு சிக்கலான ப்ரோகிராமை எப்படி எழுதுவது என்று இருபது நிமிடம் தாளில் வரைந்து பார்க்கிறேன், அது சும்மா இருந்ததாகக் கணக்காகுமா? இந்த ஒரு வரி நீங்கள் இரவில் எழுதிய எல்லாவற்றையும்விட அவர்களை யோசிக்க வைக்கும். இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பெறும் உரிமையை ஊழியருக்கும் தருகிறது. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மவுஸைத் தானாக அசைய வைக்கும் கருவிப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். 2024-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வேலை செய்வதுபோல் கீபோர்டு அசைவைப் போலியாகக் காட்டியதாகச் சொல்லி ஒரு டஜனுக்கும் அதிகமானவர்களை வேலையை விட்டு அனுப்பியது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை இப்படி இழக்கக் கூடாது.

ஆபீசுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு: தெரிய வாய்ப்பு உண்டு. புனைபெயர் மறைக்கிற அளவுக்கு நாம் எழுதுகிற விவரங்கள் மறைப்பதில்லை. எத்தனை பேர் குழு, எந்த மாதம் என்ன நடந்தது, மேனேஜர் என்ன சொன்னார் என்று நாலு விஷயம் சேர்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். ஆபீஸ் லேப்டாப்பிலும் ஆபீஸ் இணைப்பிலும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு பற்றி என்ன இருக்கிறது என்று எடுத்துப் படியுங்கள். வாடிக்கையாளர் பெயர், உள் மின்னஞ்சல், திரையைப் படம் பிடித்த பக்கங்கள் இவற்றைப் பகிர்ந்திருந்தால் இனி அதை நிறுத்துங்கள். ஏற்கெனவே பகிர்ந்ததை என்ன செய்வது என்றும் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

மின்னஞ்சலை எழுதி முடித்ததும், அனுப்பும் முன்பு உங்கள் மனைவியிடம் படித்துக் காட்டுங்கள். இரண்டு மாதமாக இதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். எந்த வரியில் கோபம் தெரிகிறது, எந்த வரியில் பயம் தெரிகிறது என்று சொல்லிவிடுவார். அனுப்பிய பிறகு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்தும் பதில் வரவில்லை என்றாலும் எழுதுங்கள், அடுத்து யாரிடம் போவது என்று சேர்ந்து யோசிப்போம்.