ஹெதர் புதரும் வெட்டப்பட்ட பைன் மரமும்: கோல்ஃப் கேள்வி பதில்

லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள பழைய ஹீத்லாந்து கோல்ஃப் மைதானங்களைப் பற்றி, முக்கியமாகச் சன்னிங்டேல் ஓல்டு கோர்ஸைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். மண்ணும் புல்லும் என் தொழில்; ஆட்டத்தில் என் ஹேண்டிகேப் (திறனைக் காட்டும் எண்; குறைந்தால் திறன் அதிகம்) 14. மட்டை வீச்சைத் (ஸ்விங்) திருத்தச் சொன்னவர்கள் என்னை மன்னித்துவிட வேண்டும்.

மதுரை வாசகர்: ஹீத்லாந்து என்பது கடலோர லிங்க்ஸ் மைதானத்தின் இன்னொரு பெயரா?

இல்லை. லிங்க்ஸ் கடற்கரை மணல்மேட்டில் அமைவது. ஹீத் உள்நாட்டு நிலம். சர்ரே, பெர்க்‌ஷயர் எல்லையில் ‘பாக்‌ஷாட் மணல்’ என்ற அடுக்கு இருக்கிறது. சத்தற்ற, அமிலத்தன்மை கொண்ட மண், உழவனுக்குப் பயனில்லை. ஹெதர் என்னும் குட்டைப் புதரும், மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் (gorse; மைதானத்தைக் குறிக்கும் ‘கோர்ஸ்’ அல்ல) முட்செடியும் செழித்துக் கிடந்தன. (அதே முட்செடியை வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கும் கொண்டுவந்தார்கள். வென்லாக் டவுன்ஸ் பக்கம் போனவர்கள் காலில் குத்து வாங்கியிருப்பீர்கள்.)

அந்தக் காலத்தில் லண்டன்வாசிகள் களிமண் நிலத்தில் ஆடினார்கள். குளிர்காலம் முழுக்கச் சேறு. மணலிலோ மழை நீர் நிற்பதில்லை. 1893இல் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து வோக்கிங்கில் ஹெதர் நிலத்தைத் திருத்தி மைதானம் அமைத்தார்கள். சன்னிங்டேல் 1901இல் திறந்தது. நிலம் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியுடையது. வடிவமைத்தவர் 1887, 1889 ஆண்டுகளில் பிரிட்டனின் ‘ஓபன்’ கோல்ஃப் போட்டியில் பட்டம் வென்ற வில்லி பார்க் ஜூனியர். கிளப்பின் முதல் செயலாளரான ஹாரி கோல்ட் பின்னாளில் அதைச் செப்பனிட்டார். பக்கத்திலேயே 1923இல் நியூ கோர்ஸையும் அமைத்தார். ‘நியூ’ என்ற பெயருக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

சென்னை வாசகர்: தனியார் கிளப்பில் வெளியாள் ஆட முடியுமா? கட்டணம் எவ்வளவு?

முடியும். உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகப் போகலாம்; அல்லது வாரநாளில் முன்பதிவு செய்து, ஹேண்டிகேப் சான்றிதழுடன் போகலாம். வார இறுதி உறுப்பினர்களுக்கானது. கட்டணம் ஆண்டுதோறும் மாறும். கிளப் அலுவலகத்தைக் கேளுங்கள், உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

கோவை வாசகர்: ஹெதரில் பந்து விழுந்தால் எந்த மட்டையை எடுக்க வேண்டும்? நான் ஐந்தாம் எண் இரும்பை எடுப்பேன்.

எடுக்காதீர்கள். ஹெதர் புல் அல்ல, தம்பி. அதன் தண்டு மரம்போல் இறுகி, கம்பிபோல் முறுக்கியிருக்கும். மட்டை இறங்கும்போது அது மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்; முகம் திரும்பிவிடும்; வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் பத்தடி உருண்டு அடுத்த புதரில் ஒளியும். மணிக்கட்டு பிசகினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. முகம் நன்றாகச் சாய்ந்த குட்டை மட்டையான வெட்ஜை எடுங்கள். பிடியை இறுக்குங்கள், இலக்கைச் சற்று வலப்பக்கம் வையுங்கள், பந்து பின்காலுக்கு நேராக வரும்படி நின்று செங்குத்தாக வெட்டுங்கள். கிரீனை, அதாவது குழி இருக்கும் புல்தரையை, பார்க்காதீர்கள். மிக அருகில் தெரியும் ஃபேர்வேக்கு (புல் வெட்டிய ஆடுபாதை) திரும்பினால் போதும்.

பந்தே புதைந்துவிட்டதென்றால் ஒரு தண்டனை அடியை ஏற்றுக்கொண்டு, இரண்டு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல் போட்டு ஆடலாம். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். ஐந்து நிமிடம் என்ற பழைய விதி 2019இல் போய்விட்டது. எனவே முதல் அடி அடிக்கும் இடமான டீயிலேயே சந்தேகம் வந்தால் மாற்றுப்பந்தை அடித்துவிட்டு நடங்கள்.

சேலம் வாசகர்: ஹெதரிலிருந்து ஏழாம் எண் இரும்பால் அடிக்கலாமா?

வெட்ஜ்.

திருச்சி வாசகர்: பாபி ஜோன்ஸின் 66 பற்றிச் சொல்லுங்கள்.

1926 ஜூன், ஓபன் போட்டிக்கான தகுதிச்சுற்று, ஓல்டு கோர்ஸ். அமெரிக்க ஆட்டக்காரரான ஜோன்ஸ் பதினெட்டுக் குழிகளையும் 66 முறை அடித்து முடித்தார். முதல் ஒன்பது குழி 33, அடுத்த ஒன்பது 33. கிரீனுக்கு வெளியே 33 முறை அடித்தார், கிரீனில் 33 முறை குழியை நோக்கி உருட்டினார் (புட்). ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று குறிக்கும் அட்டையில் மூன்றும் நான்கும் தவிர வேறு எண்ணே இல்லை. ஹிக்கரி மரத்தண்டு மட்டைகளால் ஆடிய காலம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஓபனையும் அவரே வென்றார். குறைவான எண்கள் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. இவ்வளவு ஒழுங்கான அட்டையை நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலி வாசகி: பழைய மைதானங்களில் பைன், பிர்ச் மரங்களை வெட்டுகிறார்களாமே? உலகமே மரம் நடச் சொல்லும்போது, பணக்காரர்களின் பந்தாட்டத்துக்காக இது நியாயமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சன்னிங்டேலின் தொடக்ககாலப் படங்களைப் பாருங்கள், ஏறக்குறைய வெட்டவெளி. மேய்ச்சல் நின்றதும் பிர்ச்சும் பைனும் தாமாக முளைத்தன, நட்டவையும் உண்டு. மரம் வளர்ந்தால் நிழல் விழும். ஹெதருக்கு வெயில் வேண்டும். உதிர்ந்த இலை மண்ணுக்குச் சத்தூட்டும். ஹெதருக்கோ சத்தில்லாத மண்தான் வேண்டும். சில பத்தாண்டுகளில் ஹீத் காடாகிவிடும். தரையில் முட்டையிடும் பக்கிப் பறவைக்கும், கோர்ஸ் முட்புதரில் வாழும் டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவிக்கும் அங்கே இடமில்லை. நீலகிரிப் புல்வெளியில் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டு என்ன ஆயிற்று? அதே கதைதான்.

அதே வாசகி: நீலகிரிப் புல்வெளி இயற்கையானது. ஹீத்தோ, மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியது என்கிறார்களே. ஒப்பிடலாமா?

சரியான அடி. ஒப்பீட்டின் அந்தப் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். வெண்கலக் காலத்திலிருந்து வெட்டியும் மேய்த்தும் எரித்தும் உண்டான நிலம்தான் ஹீத். ஆனால் அத்தனை காலமாக அதையே வீடாக்கிக்கொண்ட உயிர்கள் இருக்கின்றன. தாழ்நில ஹீத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே உழவுக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டது. மிஞ்சியதில் ஒரு பங்கு கோல்ஃப் வேலிக்குள் இருக்கிறது. கிளப்காரர்கள் குருவிக்காக மட்டும் வெட்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலும் காற்றும் பட்டால் கிரீன் உலர்ந்து கெட்டிப்படும், தொலைவுக் காட்சியும் திறக்கும். ஒற்றைப் பைனைக்கூட விடாமல் வழித்தெடுக்கும் ஆர்வக்கோளாறு எனக்கும் பிடிக்காது.

ஈரோடு வாசகர்: கட்டணம் எவ்வளவு?

மேலே.

தஞ்சை வாசகர்: பத்தாம் குழி முடிந்ததும் உள்ள குடிசைக் கடையில் சாப்பிட வேண்டியது என்ன? நான் சைவம்.

அதன் புகழே சாசேஜ் சாண்ட்விச். நீங்கள் தேநீர் குடியுங்கள்.

மலேசிய வாசகர்: எந்த மாதம் வரலாம்? ஹெதரில் ஹைப்ரிட் மட்டை உதவுமா?

ஆகஸ்டில் ஹெதர் ஊதா நிறத்தில் பூக்கும், கூட்டமும் சேரும். தரைக்காக வருபவர் நவம்பரிலும் வரலாம். களிமண் மைதானங்கள் சொதசொதக்கும்போது இங்கே ஷூ காய்ந்தே இருக்கும். ஹைப்ரிட்டைப் பையிலேயே விடுங்கள். வெட்ஜ், வெட்ஜ், வெட்ஜ்.

மீண்டும் திருநெல்வேலி வாசகி: அப்படியானால் பதினெட்டாம் கிரீனுக்குப் பின்னால் நிற்கும் பெரிய ஓக் மரத்தையும் வெட்டுவீர்களா?

அம்மா, அது அந்தக் கிளப்பின் சின்னம். அதன்மேல் கோடாரி வைப்பவரின் உறுப்பினர் அட்டையைத்தான் முதலில் வெட்டுவார்கள்.