சாட் தேர்வு ஏன் திரும்பி வந்தது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் ப்ளஸ் 1 படிக்கிறாள். இளநிலைப் படிப்பை அமெரிக்காவில் படிக்க விரும்புகிறாள். கொரோனாவுக்குப் பிறகு சாட் தேர்வு தேவையில்லை என்று அவளுடைய ஆசிரியர் சொல்கிறார். கட்டாயம் எழுத வேண்டும் என்கிறார்கள் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சியில். யார் சொல்வது சரி? – வாசகி, ஈரோடு

பதில்: சாட் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் பள்ளி மாணவர்கள் எழுதும் திறனறித் தேர்வு. அமெரிக்காவில் இதற்கென்று ஒரே விதி கிடையாது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கான விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. எனவே இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2020-இல் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சாட், அதைப் போன்ற ஏ.சி.டி. ஆகிய இரு தேர்வுகளின் மதிப்பெண்ணையும் விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று தளர்த்தின. ஆசிரியர் சொல்வது அந்தக் காலத்து நிலைமை. 2022 மார்ச்சில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.), மதிப்பெண் கட்டாயம் என்ற பழைய விதிக்குத் திரும்பியது. 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்டு, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் என்று அறிவிப்புகள் வரிசையாக வந்தன. பிரின்ஸ்டன் 2025-இல் அறிவித்தது. இவற்றுள் யேல் மட்டும் சற்று நெகிழ்ந்து, ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வு) அல்லது ஐ.பி. (பன்னாட்டுப் பள்ளிப் பாடத்திட்டம்) தேர்வு மதிப்பெண்ணையும் மாற்றாக ஏற்கிறது. ஆனால் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், சாட் மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதில்லை. விருப்பத்துக்கே விட்டுவிட்ட கல்லூரிகளும் ஏராளம்.

ஆகவே கன்சல்டன்சி சொல்வதைக் கேட்பதற்கு முன், மகள் விண்ணப்பிக்க எண்ணும் பல்கலைக்கழகங்களை எழுதி வைத்துக்கொண்டு, அவள் சேரவிருக்கும் ஆண்டுக்கான விதி என்ன என்பதை அவற்றின் இணையதளங்களிலேயே பாருங்கள். அந்தப் பட்டியலில் ஒரு பல்கலைக்கழகமாவது கட்டாயம் என்று சொன்னால், ப்ளஸ் 2 தொடங்கும் முன்பே ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள் என்பதால், தள்ளிப்போட்டால் காலாண்டுத் தேர்வும் இதுவும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கும்.

கேள்வி: ஏழை மாணவர்களுக்கு எதிரானது என்று சொல்லித்தான் இந்தத் தேர்வைத் தளர்த்தச் சொன்னார்கள். இப்போது ஏழை மாணவர்களின் நலனுக்காகவே திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்கிறார்கள். இதை எப்படி நம்புவது? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தங்கள் ஐயம் நியாயமானது, அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1926-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட சாட் தேர்வை உருவாக்கியவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகம். அவர் 1923-இல் எழுதிய நூலில், ராணுவத்தினருக்கு நடத்திய அறிவுத் தேர்வுகளைச் சான்று காட்டி, சில இனத்தவர் பிறவியிலேயே அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று வாதிட்டார். 1930-இல் அந்த முடிவுகளுக்கு அடிப்படையே இல்லை என்று தாமே எழுதி மறுத்தார். ஆனால் 1930-களில் ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட், பணக்கார உறைவிடப் பள்ளிகளுக்கு வெளியே இருக்கும் திறமையான மாணவர்களைக் கண்டெடுத்து உதவித்தொகை கொடுப்பதற்கு இதே தேர்வைத்தான் பயன்படுத்தினார். இன்று நடக்கும் விவாதத்தின் இரு தரப்பும் அன்றே தோன்றிவிட்டன.

குடும்ப வருமானம் கூடக் கூட சாட் மதிப்பெண்ணும் கூடுகிறது என்ற குற்றச்சாட்டு உண்மையே. மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி 1969-லேயே கட்டாயத்தைக் கைவிட்டது. ஆனால் மதிப்பெண்ணை விலக்கிய பிறகு சேர்க்கை அதிகாரியின் மேசையில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். பள்ளி மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, தொண்டுப் பணி ஆகியவைதான் மிஞ்சும். பள்ளிகள் தாராளமாக மதிப்பெண் போடும் காலத்தில் பள்ளி மதிப்பெண் மாணவர்களைப் பிரித்துக் காட்டாது; மற்றவற்றைப் பணம் உள்ளவர்கள் எளிதாக மெருகேற்றிக்கொள்வார்கள். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று காட்டினார்கள். முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரும் சலுகை, விளையாட்டுக்கான ஒதுக்கீடு, படிப்பு சாராத மதிப்பீடு ஆகிய மூன்றும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

டார்ட்மத் பேராசிரியர்கள் தங்கள் கல்லூரியின் விண்ணப்பங்களையே ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. வசதி குறைந்த பின்னணியில் வளர்ந்து 1600-க்கு 1400-க்கு மேல் எடுத்த மாணவர்கள் பலர், அங்கே வழக்கமாகச் சேர்வோரின் மதிப்பெண்ணைவிடத் தங்களுடையது குறைவு என்று கருதி அதை அனுப்பாமலே விட்டிருந்தார்கள். அனுப்பியிருந்தால், அவர்கள் படித்த பள்ளியின் சூழலோடு சேர்த்துப் பார்த்து, அதிகாரிகள் அதைப் பெரிய சாதனையாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். விருப்பம் என்று விட்டதால் யார் பயனடைய வேண்டுமோ அவர்களே வாய்ப்பை இழந்தார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தங்களைத் தாங்களே குறைத்து மதிப்பிட்ட அந்தப் பிள்ளைகளுக்கு அருகிலிருந்து எடுத்துச் சொல்ல ஆளில்லை.

கேள்வி: தமிழ்நாடு பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. அமெரிக்க அனுபவத்தைப் பார்த்தால், நுழைவுத் தேர்வு ஏழை மாணவர்களுக்கு எதிரானது என்ற நம்முடைய வாதம் தவறு என்று ஆகிவிடாதா? – ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. எம்.ஐ.டி.யோ டார்ட்மத்தோ சாட் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசைப் பட்டியல் போடுவதில்லை. ஒரு விண்ணப்பத்தில் உள்ள பல தகவல்களுள் அதுவும் ஒன்று. 1450 என்ற எண்ணை, அந்த மாணவரின் பள்ளியில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள், அங்கே உயர்நிலைக் கணிதம் கற்பிக்கப்படுகிறதா என்பவற்றோடு வைத்துப் படிக்கிறார்கள். நீட் தேர்விலோ, அந்தந்த ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் மதிப்பெண் ஒன்றே இடத்தைத் தீர்மானிக்கிறது. எந்தப் பள்ளி, எத்தனை ஆண்டு கோச்சிங் என்று பார்க்க அதில் இடமில்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யத்தான் தமிழ்நாடு அரசு 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. அமெரிக்கச் சேர்க்கை அதிகாரி ஒவ்வொரு விண்ணப்பத்திலும் செய்வதை நாம் சட்டத்தின் வழியாகச் செய்திருக்கிறோம் என்று சொல்லலாம். இருந்தாலும் அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: பள்ளி மதிப்பெண்ணை மட்டும் நம்பும் முறை, அந்த மதிப்பெண் நேர்மையாகப் போடப்படும் வரையில்தான் நியாயமாக இருக்கும்.

கேள்வி: சாட் பயிற்சிக்குப் பெரும் தொகை கேட்கிறார்கள். பயிற்சி இல்லாமல் எழுத முடியாதா? – மாணவர், மதுரை

பதில்: முடியும். இப்போது தேர்வு முழுவதும் கணினியில், 2 மணி 14 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மொழிப் பகுதியில் 54 கேள்விகளும் கணிதத்தில் 44 கேள்விகளும் உண்டு; தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. ஒவ்வொரு பகுதியும் இரண்டு கட்டமாக வரும்; முதல் கட்டத்தில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாம் கட்டத்தின் கடினம் அமைவதால், தொடக்கத்தில் அவசரப்படாமல் இருப்பது முக்கியம். நம் மாணவர்களுக்குக் கணிதத்தைவிட மொழிப் பகுதியே சிரமம் தரும்: ஒரு சிறு பத்தியும் அதற்கு ஒரே ஒரு கேள்வியுமாக அது வருகிறது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகளும், கான் அகாடமி தளத்தில் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ஒரு மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். எந்தப் பகுதியில் தடுமாறுகிறீர்கள் என்று தெரிந்த பிறகும் உதவி வேண்டும் என்று தோன்றினால், அந்தப் பகுதிக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.