மனம் குரங்கு இல்லை

அன்பின் ஐயா,

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஆசிரியை. பின்னேரங்களில் கோணேசர் மலையில் ஓர் ஓரமாக இருந்து, கண்ணை மூடி, பத்து நிமிடம் ஒன்றையும் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. திருத்தாத விடைத்தாள், போன வருடம் தவறிய அம்மாவின் குரல், கட்டாத கரண்ட் பில், திரும்பவும் அம்மா. மனத்தைக் குரங்கு என்பது சரிதானா? இல்லை, என் மூளையில் ஏதும் பிழையா?

— ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

பிழை ஒன்றும் இல்லை. ஒன்றையும் செய்யாமல் மூளை இருப்பதே கிடையாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதும் உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்தாலும் அதன் செலவு 5 சதவீதம்கூட ஏறுவதில்லை. 2001இல் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்லும் அவரது குழுவினரும், வேலை கொடுத்தால் அடங்கி, வேலை இல்லாதபோது எழும்பும் மூளைப் பகுதிகளைப் பற்றி எழுதினார்கள். பழைய நினைவும் நாளைய கவலையும் இந்தப் பகுதிகளோடு சேர்ந்தவை. கண்ணை மூடியதும் அம்மா வருவது அதனால்தான்.

குரங்கு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. குரங்கு எந்தக் கொப்புக்கும் தாவும். மூளை அப்படித் தாவுவதில்லை. 2017இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள், ஸ்கேனருக்குள் சும்மா படுத்திருந்த 820 பேரின் பதிவுகளை அலசி 12 நிலைகளைக் கண்டார்கள். நிலை என்றால் எண்ணம் இல்லை. எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்ற கோலம். அந்த நிலைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தன. ஒன்று பார்ப்பது, கேட்பது, அசைவது சார்ந்தது. மற்றது மொழி, யோசனை சார்ந்தது. ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் மூளை அதற்குள்ளேயே சுற்றுகிறது. மற்றதற்கு மாறுவது குறைவு. எந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, அதில் பரம்பரைக்கும் பங்குண்டு.

நம்மூர் பஸ்களை நினைத்துப் பாருங்கள். குச்சவெளி, நிலாவெளி, உப்புவெளி ஒரு பக்கம். கிண்ணியா, மூதூர் மறுபக்கம். நிலாவெளியில் ஏறியவர் அடுத்த தரிப்பில் மூதூரில் இறங்க முடியாது, டவுனுக்கு வந்து மாற வேண்டும். உங்கள் விடைத்தாளிலிருந்து அம்மாவுக்கும் ஏதோ ஒரு தெரு இருக்கிறது. அது எது என்று உங்களுக்குத்தான் தெரியும். என் அப்பா தவறிய வருடம், இரவு ரயில் கூவினாலே அவருடைய சாய்மனைக் கதிரை கண்முன் வரும். அவர் என்னை ஸ்டேசனுக்குக் கூட்டிப்போன நாட்கள்தான் அந்தத் தெரு என்று பிடிபட எனக்கு மாதக்கணக்கானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் அவ்வப்போது கேட்டுப் பார்த்தபோது, சுமார் 47 சதவீத நேரம் அவர்கள் மனம் செய்யும் வேலையில் இருக்கவில்லை. அப்படி அலைந்த நேரத்தில் மகிழ்ச்சி குறைவாகவும் இருந்தது. ஆகவே உங்களுக்குக் கனமாக இருப்பது பொய்யில்லை. ஒரே துக்கம் சுற்றிச் சுற்றி வந்து நித்திரையைக் கெடுத்தால் தயங்காமல் டாக்டரிடம் கதையுங்கள்.

மற்றப்படி, அடுத்த முறை கண்ணைத் திறந்தே இருந்து பாருங்கள். மலையில் பாறை பிளந்திருக்கும் இராவணன் வெட்டுக்குக் கீழே அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மனம் ஆறுகிறது. அப்போதும் அம்மா வந்தால், வந்து இருந்துவிட்டுப் போகட்டும்.